கவனத்துக்குக் கூலி எங்கே?

மருந்து என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகம் உண்டு. நோய் தீர்க்க உட்கொள்வதும் மருந்து. வெடிப்பதற்கெனக் குழாயில் திணிப்பதும் மருந்து. மற்ற ஊர்களில் முதற்பொருளே முன்வந்து நிற்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்திலோ, 'மருந்து அறையில் இருக்கிறார்' என்று ஒருவரைப் பற்றிக் கூறினால், மருத்துவரைக் காணச் சென்றிருக்கிறார் என்று எவரும் எண்ணமாட்டார். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலக்கப்படும் அறையிலே, தன் உயிரைத் தன் விரல் நுனியில் வைத்துக்கொண்டு, மாலை எப்போது வருமென்று காத்திருக்கிறார் என்றே பொருள் கொள்வர்.

அந்த விரல் நுனியைப் பற்றியே எழுதப் புகுந்தேன். ஒரு மனிதனுடைய உழைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அது அவனுடைய பிறவிக் குணமா? அவனாகப் பழகிக்கொண்ட பழக்கமா? அல்லது, சுற்றியுள்ளோர் அவனுக்குத் தந்ததும் தர மறுத்ததும் சேர்ந்த கணக்கா? அந்த ஆற்றல் குன்றும்போது குற்றம் யாருடையது? இவை, மாலை வேளையில் மன்றத்திலே கூடிப் பேசிக் கலைவதற்கான கேள்விகள் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில் இக்கேள்விக்குத் தவறான விடை கூறினால், பிணம் விழுகிறது.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5. முதலிப்பட்டியில் மூண்ட தீ, ஏறத்தாழ நாற்பது பேரைக் கொண்டு சென்றது. அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட அல்லர். புகை கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபர் 17-இல் ரெங்கபாளையம், பத்துக்கும் மேற்பட்டோர். 2024 மே 9-இல் செங்கமலப்பட்டி. பத்துப் பேர், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. ஊர்ப் பெயர் மாறுகிறது; நாள் மாறுகிறது; மாறாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும், சாம்பல் ஆறுவதற்குள் ஒரு சொல் கிளம்பி வருகிறது: "கவனக்குறைவு!"

தொழிலாளி கவனமாக இருந்திருந்தால் நேர்ந்திருக்காது என்கிறார்கள். மாண்டவர் எழுந்து வந்து மறுப்புரை கூறப்போவதில்லை என்ற துணிவு அச்சொல்லுக்கு உண்டு. அச்சொல்லை உரசிப் பார்ப்போம் — வெடிமருந்தையல்ல, சொல்லைத்தானே, அஞ்சாமல் உரசலாம்!

கவனம் என்பது என்ன? வானத்திலிருந்து சிலருக்கு மட்டும் சொட்டும் தேன்துளியா? இரவிலே உறங்கியவனுக்கு உள்ள கவனம், உறங்காதவனுக்கு இல்லை. உண்டவனுக்கு உள்ளது பசித்தவனுக்கு இல்லை. காலை 10 மணிக்கு உள்ள கவனம் பிற்பகல் 3 மணிக்கு, கந்தக பூமியின் கோடை வெயிலில், கூரை காய்ந்து கிடக்கும் அறையிலே இருப்பதில்லை. கடன்காரன் வாயிலில் வந்து நிற்பானே என்ற எண்ணம் நெஞ்சில் நெருடும்போது, கை இங்கே இருக்கும். கருத்து அங்கே இருக்கும். ஆக, கவனம் என்பது விளைவு. விதையும் நீரும் எருவும் வேறிடத்திலிருந்து வர வேண்டும். விதைக்காத நிலத்தைப் பார்த்து, 'ஏன் விளையவில்லை?' என்று சினந்து கொள்பவனை நாம் உழவன் என்போமா?

பட்டாசுத் தொழிலுக்கு விதிமுறைகள் இல்லாமலில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. அறையில் இருக்கும் மருந்துக்கு அளவு உண்டு. அறைக்கும் அறைக்கும் இடைவெளி உண்டு. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் அறிவியல் இருக்கிறது. இரும்போடு கல்லோ இரும்போ மோதினால் பொறி பறக்கும். ஆகவே பொறி எழுப்பாத கருவி வேண்டும். செயற்கை இழைத் துணி உரசினால் மின்னேற்றம் பிறக்கும். ஆகவே பருத்தி ஆடை வேண்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தனக்குள்ளேயே சூடேறும்; ஆகவே மிஞ்சிய மருந்தை மறுநாளைக்கென்று மூலையில் வைத்துவிட்டுப் போகலாகாது.

இவ்விதிகளில் என் மனத்தைப் பெரிதும் கவர்வது அந்த 'நால்வர்' என்னும் எண். மனிதன் தவறக் கூடியவன் என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட எண் அது. நால்வரில் ஒருவன் கை தவறலாம். தவறினால் நால்வரோடு போகட்டும், நாற்பது பேரைக் கொண்டு போக வேண்டாம் என்ற துயரம் தோய்ந்த அறிவு அதிலே இருக்கிறது. தவறே செய்யாத மனிதனை அந்த விதி எதிர்பார்க்கவில்லை. தவறு செய்யும் மனிதனுக்கும் வாழ இடம் தேடுகிறது. ஆனால் நடப்பது என்ன? உரிமம் ஒருவர் பெயரில். ஆலை உள்குத்தகைக்கு இன்னொருவர் கையில். அறைக்கு ஒருவராக அதையும் பங்கிட்டவர் பலர். குத்தகைக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே! நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர். அறைக்குள் இடமில்லையெனில் மரத்தடி. அங்கே விதி முறிக்கப்படும்போது, எந்தத் தொழிலாளியும் 'முறியுங்கள்' என்று மனுக் கொடுத்ததாக நான் அறியேன்.

இனி, கூலியைப் பார்ப்போம். இவ்வட்டாரத்தில் வேலையின் பெரும்பகுதிக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. இத்தனை குரோஸ் முடித்தால் இத்தனை ரூபாய். குரோஸ் என்றால் 144. நான் பாடம் நடத்தும் வகுப்பில், பன்னிரண்டாம் வாய்பாடு தட்டுத் தடுமாறும் பிள்ளைகள்கூட, 144 என்ற எண்ணை மட்டும் தடையின்றிச் சொல்வார்கள். வாய்பாட்டில் கற்றதன்று, வீட்டில் கேட்டது. தாயின் நாள் அந்த எண்ணால் அளக்கப்படுகிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

இந்த அளவுகோலின் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். மருந்தைச் சிறுகச் சிறுக எடுத்து, சிந்தியதைத் துடைத்து, கையைத் தரையிலுள்ள செம்புத் தகட்டில் தொட்டு மின்னேற்றத்தைப் போக்கிவிட்டு, மெல்லத் திணிக்கும் பெண்ணொருத்தி. அள்ளிக் கொட்டி விரைந்து திணிக்கும் பெண் இன்னொருத்தி. மாலையிலே எண்ணிப் பார்க்கும்போது முன்னவளுக்குக் கூலி குறைவு, பின்னவளுக்கு அதிகம். நாள்தோறும் மாலையில், பணத்தின் வாயிலாக, ஆலை அவர்களுக்கு ஒரு பாடம் நடத்துகிறது: 'கவனம் காசு தராது, வேகமே காசு தரும்.' ஆண்டு முழுவதும் இப்பாடத்தைக் கற்பித்துவிட்டு, விபத்து நிகழ்ந்த அன்று மட்டும், 'ஏன் கவனமாக இல்லை?' என்று தேர்வு வைக்கிறார்கள். கற்பிக்காத பாடத்தில் கேள்வி கேட்பது ஆசிரியனுக்கு அழகன்று என்று எங்கள் தொழிலிலே சொல்வார்கள். கற்பித்த பாடத்துக்கு நேர்மாறாகக் கேள்வி கேட்பதை என்னவென்று சொல்வது!

உழைப்பாளியின் விரைவுக்குக் காரணம் கேட்ட முதல் மருத்துவர்களில் ஒருவர், இத்தாலியின் மொடேனா நகரத்து ரமாசினி. அவர் வீட்டில் மலக்குழி துப்புரவு செய்ய வந்த தொழிலாளி, மூச்சு முட்ட முட்ட விரைந்து வேலை செய்வதைக் கண்டு, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் கெட்டுவிடும் என்பதே விடை. நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கலாம் அந்த மருத்துவர், போகவில்லை. தொழில்தோறும் சென்று, தொழில் தரும் நோய்களை ஆராய்ந்து, 1700-இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு மேலும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நம் ஊர் மருத்துவமனைகளில், இருமிக்கொண்டு நிற்கும் எத்தனை பேரிடம் அக்கேள்வி இன்று கேட்கப்படுகிறது?

1888-இல், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், தீப்பெட்டி ஆலைப் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். பின்னாளில் அடையாற்றில் வந்து அமர்ந்து, தமிழகமும் அறிந்தவரான அன்னி பெசன்ட், அவர்கள் படும் பாட்டை ஏட்டில் எழுதினார். குறைந்த கூலி, அதிலும் அபராதம். அதைவிடக் கொடியது வெண் பாஸ்பரஸ். அதன் ஆவி பட்டுப் பட்டுத் தாடையெலும்பே அழுகிப்போகும். அந்நாளிலும், 'பல்லைச் சரியாகப் பேணாதவளுக்கே நோய் வருகிறது' என்று பழியை உழைப்பவள் மீதே போட்டவர்கள் இருந்தனர். எனினும் 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள், வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியே கூடாது என்று உடன்படிக்கை செய்தன. இந்தியாவிலும் 1913-இல் அதற்குத் தடைச்சட்டம் வந்தது.

பத்தாண்டு கழித்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பியதை இவ்வூர் நன்றியோடு நினைவுகூர்கிறது, நினைவுகூரத் தக்கதே. மழை பொய்க்கும் மண்ணிலே மாற்றுத் தொழில் தந்தார்கள். ஆனால், இன்னொரு நன்றியும் உண்டு. அதை எவரும் நினைப்பதில்லை. இலண்டன் பெண்களின் தாடையை அழித்த அந்த நோய் சிவகாசிப் பெண்களைத் தீண்டவில்லை. ஏன்? சிவகாசிப் பெண்கள் அதிகக் கவனம் உள்ளவர்கள் என்பதாலா? இல்லை. அந்த நஞ்சு, தொழில் இங்கே வருமுன்பே வாயிலில் தடுக்கப்பட்டுவிட்டது. கவனத்தைப் போதித்து ஒழிக்க முடியாத கேட்டைச் சட்டம் ஒழித்தது. எவரோ, எங்கோ, முன்பே போராடியதன் பயனை, பெயரறியாத நம் பெண்கள் பெற்றனர்.

அதே 1923-இல், மே முதல் நாளன்று, சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் தொழிலாளர் திருநாள் கொண்டாடினார். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1918-இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் பிறப்புக்குத் தூண்டுகோலான குறைகளில் ஒன்று எது தெரியுமா? ஆலையில் உணவுக்கென விட்ட நேரம், உண்பதற்குப் போதவில்லை என்பது! ஒரு பிடி சோற்றை நிதானமாக மென்று விழுங்கும் நேரத்துக்காகச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் செய்தது. 2023-இல் நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் ஒன்று அதே மன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. உண்ணும் நேரம், உட்காரும் இருக்கை, உறங்கும் நேரம் — இவை சலுகைகள் என்று நினைப்போர் உளர். இவைதாம் கவனத்தின் எரு என்பதை அவர்கள் அறியார்.

பின்லாந்து நாட்டு அறிஞர்கள், இல்மாரினன் முதலானோர், 1980-களில் தொடங்கி இதனை முறையாக ஆராய்ந்தனர். மனிதனின் வேலைத்திறனை அவர்கள் ஒரு வீடாக வரைந்து காட்டினர். கீழ்த்தளம் உடல்நலம். அதன் மேல் அறிவும் பயிற்சியும். அதன் மேல் மனம்: மதிப்பு, நம்பிக்கை, ஈடுபாடு. மேல்தளம் வேலை: அதன் சுமை, சூழல், மேற்பார்ப்பவரின் போக்கு. வீட்டைச் சுற்றிலும் குடும்பமும் ஊரும் நாடும். மேல்தளத்தின் பாரம் மிகுந்தால் கீழ்த்தளங்கள் விரிசல் விடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அந்த வீட்டை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவைத்து, தான் பாதி வயிற்றோடு ஆலை வண்டியில் ஏறும் தாயின் உடல்நலம் — கீழ்த்தளம். இன்ன பொருளோடு இன்ன பொருள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, எவரும் சொல்லித் தராமல், பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பழகிய பயிற்சி — அடுத்த தளம். வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறிடம் போக முடியாத மனம் — மூன்றாம் தளம். அதற்கு மேலே, தீபாவளி நெருங்க நெருங்க, 'இன்னும் சரக்கு, இன்னும் சரக்கு' என்று ஏறும் பாரம். இத்தகைய வீடு இடிந்து விழுந்தால், குடியிருந்தவளின் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்வதா?

மறுப்போரின் வாதங்களையும் கேட்போம், கேட்பதுதானே முறை.

"எவரும் கட்டாயப்படுத்தவில்லையே! விரும்பித்தானே வருகிறார்கள்?" என்பது ஒன்று. இரு கதவுகள் உள்ள அறையில், ஒரு கதவுக்கு அப்பால் பசி, மறு கதவுக்கு அப்பால் தீ. தீயின் பக்கம் நடந்தவனைப் பார்த்து, 'அவன் விருப்பம்' என்பது சொல்லுக்குச் செய்யும் கொடுமை. விருப்பம் என்ற சொல்லுக்கு மூன்றாவது கதவு வேண்டும். 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், சிவகாசிச் சிறார் உழைப்பு பற்றிய வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது; அதோடு நிற்காமல், அக்குழந்தையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் கூறியது. குழந்தை ஆலைக்கு வந்தது விருப்பத்தால் அன்று, வீட்டின் வெறுமையால் என்பதை நீதிமன்றம் உணர்ந்தது. குழந்தைக்குப் பொருந்தும் அந்த உண்மை, அக்குழந்தை வளர்ந்து பதினெட்டு வயது நிறைந்த மறுநாளே பொய்யாகிவிடுமா?

"எல்லாம் விதி" என்பது இன்னொன்று. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், உண்மை. ஆள்வினை உடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். விதி அறைக்கு எட்டுப் பேரை அனுப்பவில்லை, மேற்பார்வையாளர் அனுப்பினார். விதி உள்குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனம் பூசிப் பொட்டிடுகிறோம்; கருவியைப் பிடிக்கும் கைக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவச் சோதனை செய்கிறோமா? செய்யாததை எல்லாம் விதியின் கணக்கில் எழுதினால், விதியும் ஒருநாள் மறுத்துப் பேசும்!

"விதிமுறை என்று இறுக்கினால் தொழிலே அழியும், பிறகு இம்மக்கள் எதைத் தின்பார்கள்?" என்பது மூன்றாவது. இது எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. 2018-இல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றபோது, ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. அடுப்புகளும் அணைந்து கிடந்தன. வேலையில்லாமையும் ஒரு விபத்தே. ஓசையின்றி நிகழும் விபத்து. ஆகவே, ஆலையை மூடு என்று கூறுவோர் பக்கம் நான் இல்லை. தில்லியின் காற்றைப் பற்றிக் கவலைப்படுவோர், மருந்து அறையின் காற்றைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட வேண்டும் என்பதே என் வழக்கு. நால்வர் விதியைக் காத்தால் பட்டாசு விலை சற்றே ஏறும், ஏறட்டும். ஒரு நொடி ஒளிக்கு நாம் தரும் விலையில், அதைச் செய்த கை முழுதாக வீடு திரும்புவதற்கான செலவும் அடங்கியிருக்க வேண்டும். அந்தச் செலவு சேராத மலிவு, மலிவன்று. இன்னொருவர் வீட்டிலிருந்து எடுத்தது.

விபத்துக்குப் பின், உயிருக்கு இத்தனை இலட்சம் என்று நிவாரணம் அறிவிக்கிறோம். இறந்த கைக்கு விலை கணக்கிடத் தெரிந்த நமக்கு, உயிரோடிருக்கும் கையின் நிதானத்துக்கு விலை கணக்கிடத் தெரியாதா? மருந்தோடு உறவாடும் வேலைகளில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து, நாட்கூலியாகவோ மாதச் சம்பளமாகவோ தர வேண்டும். 'இன்று வெயில் கடுமை, மருந்து வேலை வேண்டாம்' என்று அறையில் இருப்பவளே சொல்லும் உரிமை வேண்டும். சொன்னதற்காக அவள் கூலி குறையலாகாது. கற்பிக்காமல் எவரையும் மருந்து அறைக்குள் விடலாகாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி, பதிவேட்டைப் பார்ப்பதோடு, அங்கே இருப்பவர்களின் சொல்லையும் கேட்க வேண்டும். உரிமம் பெற்றவரே பொறுப்பு. உள்குத்தகைத் திரைக்குப் பின்னே அவர் ஒளிந்துகொள்ள இடம் தரலாகாது.

இவை வானத்தை வில்லாய் வளைக்கும் வேலைகள் அல்ல. வெண் பாஸ்பரஸை விரட்டிய உலகம் இது. பள்ளி வாசலையே காணாத பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிய வட்டாரத்தில், இன்று அப்பிள்ளைகளின் பிள்ளைகள் என் வகுப்பில் அமர்ந்து கணக்குப் போடுகிறார்கள். அந்த மாற்றமும் போராடிப் பெற்றதே. அவர்களுக்கு நான் 144 என்ற எண்ணைக் கற்பிக்கத் தேவையில்லை. நான்கு என்ற எண்ணைக் கற்பிக்க வேண்டும். ஓர் அறையில் நால்வர் என்பதன் பொருளை, அதன் பின்னுள்ள அறிவை, அது மீறப்படும்போது எழுந்து நின்று 'ஏன்?' என்று கேட்கும் உரிமையைக் கற்பிக்க வேண்டும்.

அடுத்த முறை 'கவனக்குறைவு' என்ற சொல் ஏட்டிலே அச்சாகி வரும்போது, நண்பர்களே, அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். யாருடைய கவனக்குறைவு என்று கேளுங்கள். கூலியை வகுத்தவருடையதா, குத்தகைக்கு விட்டவருடையதா, பார்க்க வேண்டியதைப் பாராமல் போனவருடையதா, மலிவு தேடி வாங்கிய நம்முடையதா என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் தொழிலாளியின் பெயர் இருக்கலாம். ஆனால், அது கடைசிப் பெயராகவே இருக்கும்.